மாடக்குழியில் படிந்த கரி

தேவிபட்டினத்தில் நாங்கள் குடியிருந்த வீடு என் கணவரின் தாத்தா கட்டியது. அவர்களுக்கு நிலமும் பங்காளிகளும் அபிராமத்துப் பக்கம். அமாவாசைக்குக் கடலாட வருகிற சொந்தக்காரர்கள் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் போகக் கடலோரத்தில் ஒரு வீடு வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அதனால் அந்த வீட்டில் படுக்க இடம் குறைவு, சமைக்க இடம் அதிகம். அடுப்படி மட்டும் ஒரு கல்யாணத்துக்குக் காணும். வரிசையாக மண் அடுப்புகள். அவற்றுக்கு மேலே கவிழ்த்த கூடை மாதிரி ஒரு செங்கல் கவிப்பு. அதிலிருந்து சுவரோடு சுவராக ஏறி, ஓட்டைத் தாண்டி வெளியே நிற்கும் புகைக்கூண்டு. மண்டபம் ஊரில் ஏதோ ஒரு துரை பங்களாவில் பார்த்துவிட்டு வந்து அதைப் போலவே கட்டச் சொன்னாராம். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பும்போது அந்தக் கூண்டைத்தான் அடையாளம் பார்ப்பார்கள் என்று என் மாமியார் சொல்வார். நான் முதன்முதலாக வண்டியை விட்டு இறங்கி அதைப் பார்த்தபோது கொஞ்சம் சாய்ந்திருப்பது போலத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வந்த அன்றைக்கே உங்கள் வீடு சாய்ந்திருக்கிறது என்று ஒரு புதுப்பெண் சொன்னால் நன்றாகவா இருக்கும்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தவர். மாமனார் விதைப்புக்கும் அறுப்புக்கும் அபிராமம் போய் வருவாராம். நான் வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். என் கணவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர், பிறகு என் மகன். அடுப்படிக்கு அடுத்த அறைதான் எனக்கும் பிள்ளைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரில், எங்கள் அறைப் பக்கமாக, ஒரு மாடக்குழி உண்டு. மாமனார் கல்யாணத்தின்போது அத்தை விளக்கு வைப்பதற்காகக் குடைந்து கொடுத்தது. காலையிலும் மாலையிலும் அத்தை அதில் விளக்கேற்றுவார். விளக்குக்கு மேலே சுவர் எப்போதும் கறுத்திருக்கும். அந்தக் கரியை விரலில் தொட்டு, விளக்கெண்ணெயில் குழைத்து, என் மகன் கன்னத்தில் பொட்டு வைப்பார். சாமி விளக்குக் கரி, கண்ணேறு அண்டாது என்பார்.

பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் அவனுக்கு இளைப்பு வந்தது. நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கிடந்து கத்துவது போலச் சத்தம். விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி எழும். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நடப்பேன், நடந்துகொண்டே காரணம் தேடுவேன். முந்தின நாள் தலைக்கு ஊற்றியிருக்கக் கூடாதோ. நான் மோர் குடித்தது பாலில் இறங்கியிருக்குமோ. சன்னலைத் திறந்து வைத்தது தப்பா, சாத்தி வைத்தது தப்பா. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்துத் தண்ணீர் கொடுத்து, காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் பள்ளியிறுதி வரை படித்தவள். உடல்நலப் பாடத்தில் காற்றோட்டம் பற்றி முழுப் பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்த எதுவும் என் பிள்ளைக்கு உதவவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ராமநாதபுரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனால் இளைப்பு அடங்கிவிடும். தேவிபட்டினம் திரும்பினால் மறுபடி வந்துவிடும். கடற்காற்றுதான் சேரவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, அவன் வளர்ந்து தேறுகிறவரை இங்கேயே இரு, மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்து போகட்டும் என்றார். நானும் என் கணவரும் பேசிப் பேசிக் கடைசியில் அதற்கு ஒப்புக்கொண்டோம். ஆடி அமாவாசைக்குச் சொந்தக்காரர்கள் வந்து போனதும் நான் கிளம்புவது என்று ஏற்பாடு. அத்தையிடம் யார் சொல்வது என்பதுதான் முடிவாகவில்லை. கணவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். ஒரே பேரன். அவனுக்கு இந்த வீட்டுக் காற்றே ஆகவில்லை என்று அந்த வீட்டிலேயே காலம் கழித்தவரிடம் எந்த வாயால் சொல்வது.

அந்த ஆனி மாதம் அபிராமத்தில் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். எங்களுக்கும் தீட்டு. அத்தை விளக்கை எடுத்துத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார். தீட்டுக் கழிகிறவரை அந்த மாடக்குழியில் விளக்கு கிடையாது. சும்மா இருந்த மாடக்குழியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பானையில் மிச்சமிருந்த சுண்ணாம்பையும் ஒரு பூச்சுப் பூசிவிட்டேன். தீட்டு வீட்டில் இதெல்லாம் செய்யலாமா என்ற சந்தேகம் பூசி முடித்த பிறகுதான் வந்தது. அத்தை பார்த்துவிட்டு உலை வைக்கப் போனார்.

இரண்டொரு நாளில் மாடக்குழியின் மேல் மூலை சாம்பல் நிறமாகியிருந்தது. அடுத்த நாள் கறுத்தது. நான் துடைத்தேன். மறுபடி கறுத்தது. பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் இறந்துபோன பெரியவரை ஒருதரம் நினைத்துக்கொண்டேன் என்பது உண்மை. பிறகு மூக்கை உள்ளே நீட்டி மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை இல்லை, உடைமுள் விறகின் வாசனை. அந்தப் பக்கம் அத்தை உலை வைத்திருந்த நேரம் அது. புறங்கையைச் சுவரில் வைத்தேன். சுட்டது.

என் கணவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"விளக்குக் கரிதான?" என்றார்.

"விளக்கு எங்க?" என்றேன்.

அவர் மாடக்குழியைப் பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த விளக்கைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில்தான் அவரும் பிறந்து வளர்ந்தார். அவருக்கும் சின்ன வயதில் இளைப்பு இருந்ததாம். பள்ளிக்கூட விடுதிக்குப் போன பிறகு தானாகப் போய்விட்டதாம்.

அத்தையிடம் நானே சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் "அத்தை, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. வந்தார். விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த பேரனின் கன்னத்தைப் பார்த்தார். முன்பு வைத்த பொட்டின் நிழல் அங்கே இன்னும் மங்கலாக இருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மகனிடம் திரும்பினார்.

"கொத்தனாரக் கூட்டிட்டு வாப்பா. தீட்டுக் கழியட்டும், ஆடி பிறக்கிறதுக்குள்ள கை வச்சிரணும்."

ஆடியில் வீட்டு வேலை எதையும் எங்கள் பக்கத்தில் தொடங்கமாட்டார்கள். தொடங்கியதை முடிக்கலாம்.

கொத்தனாரும் அவர் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். அவர் நல்ல கனத்த ஆள். அவர் சாரத்தில் ஏறும்போது சவுக்குக் கம்புகள் முனகும். மனைவி ஒல்லி. அவருக்குச் சித்தாள், கணக்குப்பிள்ளை, எதிர்க்கட்சி எல்லாம் அந்த அம்மாள்தான். கொத்தனார் மேலே ஏறிக் கூண்டைத் தட்டிப் பார்த்தார். உப்புக் காற்றில் செங்கலெல்லாம் பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று வருஷா வருஷம் அடித்து அடித்துத் தலைப்பகுதி சாய்ந்திருந்தது. நான் முதல் நாள் பார்த்தது சரிதான் என்று தெரிந்தபோது, அன்றைக்கே சொல்லியிருக்கலாமோ என்று ஒரு பக்கம் தோன்றியது. சொல்லியிருந்தால் மட்டும் யார் கேட்டிருப்பார்கள் என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

தலைப்பகுதியை இறக்கிக் கட்டினால் போதும் என்றார் கொத்தனார். மாடக்குழிக் கரியைக் காட்டினோம். அவர் நம்பவில்லை. அவர் மனைவி அடுப்பில் ஈர வைக்கோலைப் போட்டுக் கொளுத்தச் சொன்னார். கூண்டின் வாயை நனைந்த சாக்கால் கட்டிவிட்டு எல்லோரும் எங்கள் அறையில் வந்து நின்றோம். பிள்ளையை அடுத்த வீட்டில் கொடுத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மாடக்குழியின் மேல் மூலையிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு இழை வந்தது. அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொன்று. பிறகு குழி முழுவதும் புகைந்தது. மாமனார் ஆசையாகக் குடைந்ததில் கூண்டுக்கும் அறைக்கும் நடுவே ஒரு செங்கல் கனம்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தச் செங்கலையும் உப்பு தின்றுவிட்டிருக்கிறது.

அத்தை கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் தான் கும்பிட்ட இடம் புகைவதை அவர் பார்த்தது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எத்தன வருசமா சாமிக்குப் பின்னால இருந்து ஊதியிருக்கு" என்றார். 

கூண்டுக்குள் ஆள் இறங்கி உள்பக்கமாகத்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. கொத்தனார் கூண்டின் வாயைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். அவர் மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தலையில் ஒரு துணியைச் சுற்றி, இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கிவிட்டார். கயிற்றின் மறுமுனை கொத்தனார் கையில். உள்ளேயிருந்து சுரண்டுகிற சத்தமும் பேச்சும் அடுப்பு வழியாக எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஏ புள்ள, மூச்சு விடுறியா?" என்பார் கொத்தனார் மேலே இருந்து.

"விடலன்னா என்ன செய்வ? நீயா இறங்கி வரப்போற?" என்று கூண்டுக்குள் இருந்து பதில் வரும்.

"கயித்த விட்டேன்னு வையி, நேரா சோத்துப் பானையிலதான் விழுவ."

"விழுந்தா சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிப்பேன். வாத்தியாரம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

நான் அடுப்பருகே நின்று குனிந்து, கத்திரிக்காய் என்று கூண்டுக்குப் பதில் சொல்வேன். சமையல் அப்போது பின்கட்டில் ஒரு சின்ன மண் அடுப்பில்தான். சாயங்காலம் அந்த அம்மாள் வெளியே வரும்போது கண்ணையும் பல்லையும் தவிர எல்லாம் கரியாக இருக்கும். கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, என் மகனைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார். அவன் பயப்படாமல் சிரிப்பான். அடுத்தவர்களைக் கண்டால் அழுகிற பிள்ளை. அந்த இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கி, இற்றுப்போன காரையை இடுக்கு இடுக்காகச் சுரண்டி எடுத்த அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அவரிடம் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பார்.

கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டுப் பிசைந்தார்கள். பின்கட்டு முழுவதும் இனிப்பும் துவர்ப்புமாக ஒரு வாசனை. உதிர்ந்த செங்கற்களைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செங்கல் வைத்தார்கள். மாடக்குழிக்குப் பின்னால் சுவரைக் கனமாக்கினார்கள். அதனால் குழி பாதி ஆழமாகிவிட்டது. உள்பக்கம் முழுவதும் காரை பூசினார்கள். சாய்ந்த தலையை வரிசை வரிசையாக இறக்கிவிட்டு நேராகக் கட்டினார்கள். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, வேறு யாரோ கட்டியதைப் பார்ப்பது போல, "அழகாத்தான் இருக்கு" என்று தலையாட்டினார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

வேலை முடிந்தபோது ஆடி அமாவாசை நெருங்கிவிட்டது. அங்கேதான் எனக்குக் கவலை பிடித்தது. பூச்சு உள்ளே நன்றாக இறுகுகிறவரை பெரிய அடுப்பை எரிக்கக் கூடாது, பச்சைக் காரையில் சூடு பட்டால் வெடித்துவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அமாவாசை வருகிறதே என்று நான் இழுத்தபோது அவர் மனைவி குறுக்கே வந்தார்.

"இப்பத்தான பெத்துப் போட்டிருக்கோம். பெத்தவள உடனே நெல்லுக் குத்தச் சொல்லுவாகளா?"

ஆனால் அமாவாசை என்றால் அந்த வீட்டில் எல்லா அடுப்பும் எரிய வேண்டும். அபிராமத்திலிருந்து மாட்டு வண்டிகளில் சொந்தமெல்லாம் வரும். என் கணவர் கடலில் குளித்து மாமனாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வருவார். அந்த அடுப்பில் பொங்கியதைக் காக்கைக்கு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. அதுவும் அவர் கையால் மாடக்குழி குடைந்த சுவரை ஒட்டிய அடுப்படி. அங்கே பொங்காதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன். சொல்லாமல் விட்டால், காரை வெடித்து, மறுபடி அதே புகை, அதே இளைப்பு. பிள்ளையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. என் கணவரிடம் சொன்னேன். நீயே சொல், நீ சொன்னால்தான் அம்மா கேட்பார் என்றார். பாடம் நடத்தும்போது இருக்கிற தைரியம் எல்லாம் வீட்டு வாசலோடு சரி. நானும் அப்படித்தான். சொல்லலாம் என்று அத்தை பக்கத்தில் போவேன், வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அமாவாசைக்கு முந்தின மாலை அடுப்படிக்குள் போனேன். அடுப்பு முழுவதும் சாணம் மெழுகி, அரிசி மாவில் கோலம் போட்டிருந்தது. கோலத்தின் நடுவே, ஒவ்வொரு அடுப்பின் வாயிலும், தண்ணீர் நிறைத்த பித்தளைக் குடம். பார்த்ததும் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, கொத்தனார் சொன்னது அத்தை காதிலும் விழுந்திருக்கிறது. கோலம் போட்டு நிறைகுடம் வைத்த இடத்தில் அதை நகர்த்திவிட்டு யாரும் தீ மூட்டமாட்டார்கள். எத்தனை பெரியவர்கள் வந்தாலும் மாட்டார்கள்.

விடிந்ததும் பின்கட்டில் வேப்பமரத்தடியில் அத்தை கல் கூட்டிக்கொண்டிருந்தார். கச்சான் காற்றுக்குப் பனையோலைத் தட்டி ஒன்றைக் கட்டி மறைத்திருந்தார். குளித்த தலை ஈரமாக முடிந்திருந்தது. நான் ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் அடுத்த கல்லைக் கண்ணால் காட்டினார்.

வண்டிகள் வந்து சேர்ந்ததும் மாமனாரின் அக்கா முதலில் இறங்கினார். அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். அடுப்படிக்குள் போய்க் குடங்களைப் பார்த்துவிட்டு நேரே பின்கட்டுக்கு வந்தார். அத்தை புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன இது, அரமன மாதிரி அடுப்படி இருக்க, மரத்தடியில கல்லக் கூட்டிப் பொங்குற? எந்தம்பிக்குப் போடுற சோறா இது?"

 காரணம் நான்தான், என் பிள்ளைதான் என்று அத்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும் நான் ஆகாதவள். சொன்னாலும் தப்பில்லை, அது உண்மைதானே என்றும் நினைத்தேன்.

அத்தை கிண்டுவதை நிறுத்தவில்லை.

"ஒங்க தம்பி களத்துமேட்டுல கல்லக் கூட்டிப் பொங்குன சோத்தத் தின்னே வளந்தவக மதினி. அடுப்படிச் சோறுதான் அவுகளுக்கு எறங்காது. இன்னைக்கு ஒரு நா அவுகளுக்குப் பிடிச்ச மாதிரி போடுவோமேன்னு பாத்தேன்."

 அந்தத் தம்பியின் களத்துமேட்டுச் சோறு அக்காவுக்கும் தெரியும். "உப்புப் பாத்தியா? அவனுக்கு உப்புக் கூடக் கொஞ்சம் வேணும்" என்று சொல்லிக்கொண்டே தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கத் தொடங்கினார். காக்கை வந்து எடுத்தது. எல்லோரும் மரத்தடியிலேயே பந்தி போட்டுச் சாப்பிட்டார்கள். சோற்றில் கொஞ்சம் புகை வாசனை இருந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு பேர் கூட ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு, காரை இறுகட்டும் என்று காத்திருந்தோம். முதலில் பனைமட்டைத் துண்டுகளை மட்டும் போட்டுச் சின்னதாக எரித்தோம். பிறகு கொஞ்சம் பெரிதாக. ஆவணி முதல் நாளில்தான் எல்லா அடுப்பையும் மூட்டுவது என்று அத்தை சொன்னார். அன்றைக்குக் காலை என் அறைக்கு வந்து, வேலை முடிந்ததும் மாடக்குழியில் திரும்ப வைத்திருந்த விளக்கை எடுத்துக்கொண்டு போனார். முற்றத்துப் பக்கம் ஒரு மனையைப் போட்டு அங்கே வைத்து ஏற்றினார். நான் பதறிவிட்டேன். தீட்டு நாளும் கொத்து வேலை நாளும் தவிர அந்த இடத்தில் விளக்கு எரியாமல் இருந்ததே கிடையாது. என்ன அத்தை என்றேன்.

"இங்கன விளக்கு எரிஞ்சா, கரி எதுலருந்து வருதுன்னு எப்படித்தா தெரியும்?" என்றார்.

பாடப் புத்தகத்தில் பரிசோதனை என்று படித்திருக்கிறேன். அதைச் செய்யத் துணிவு வேண்டியிருக்கும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. மாமனார் குடைந்து கொடுத்த இடத்தைத் தானாக இருட்டாக்கிவிட்டு அவர் உலை வைக்கப் போனார். நான் ஒரு ஈரத்துணியால் குழியைத் துடைத்துப் புதிதாகச் சுண்ணாம்பு பூசினேன். 

பகல் முழுவதும் எல்லா அடுப்பும் எரிந்தது. மாலையிலும் எரிந்தது. நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததும் ஒரு பயமாக இருந்தது, மறுபடி வைத்துக் கேட்டேன். மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி நானும் என் கணவரும் அதற்குப் பிறகு பேசவில்லை. அத்தைக்கு அது கடைசிவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் காட்டிக்கொள்கிறவர் இல்லை.

இன்னும் சில நாள் விளக்கு முற்றத்திலேயே எரிந்தது. ஒரு காலையில், "இங்கன வா" என்று அத்தையின் குரல். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். மாடக்குழியின் மேல் மூலையில் விரலை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளை. நான் என் விரலையும் விட்டு இழுத்துப் பார்த்தேன். அதுவும் வெள்ளை.

"நம்பமாட்டியே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, பழக்கத்தில், அந்த விரலைப் பேரனின் கன்னத்தில் அழுத்திப் பொட்டு வைத்தார். கறுப்புப் பொட்டு இருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு. அவன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சுண்ணாம்பு பட்டால் தோல் புண்ணாகுமே என்று முந்தானையை நனைத்து உடனே துடைத்துவிட்டேன்.